ஏணியை மரத்தின் மேல் போடுவதற்கு முன்

புயலில் சாய்ந்த பலா, எட்டடி நீளம். மில்லுக்கு ஏற்றிப்போக வழியில்லை. 58 சிசி செயின்சா வைத்திருக்கிறேன். பலகை போட முடியுமா?

மரத்தின் பருமனைச் சொல்லாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? குறுக்கே ஓரடி, மிஞ்சினால் ஒன்றேகால் அடி என்றால் மெதுவாக ஒப்பேற்றலாம். இரண்டடியைத் தாண்டினால் 90 சிசி பக்கம் போங்கள். மூன்றடி பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) வாங்கினால் மூன்றடி அறுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பலகை ஒரே கனத்தில் வர பாரில் மாட்டும் சட்டத்தைப் பூட்டுவதிலேயே அரை அடி போய்விடும்.

ஒவ்வொரு பலகைக்கும் ஏணியைப் பூட்ட வேண்டுமா?

வேண்டாம். உருண்டை மரத்தின் மேல் சட்டம் நேராக ஓடத்தான் ஏணி, அது முதல் அறுப்புக்கு மட்டும்தான். அப்புறம் அறுத்த முகத்தின் மேலேயே சட்டம் ஓடும்.

அலுமினிய ஏணியை மரத்தின் மேல் வைத்துத் திருகு போட்டு இறுக்கி அறுத்தேன். எல்லாப் பலகையும் முறுக்கலாக வந்திருக்கிறது. மரம் சரியில்லையா?

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். பட்டை மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன் மேல் ஏணியை இறுக்கினால் ஏணிதான் வளையும். முதல் அறுப்பின் கோணலை அடுத்த பலகை அப்படியே வாங்கிக்கொள்ளும், அதற்கடுத்ததும் அப்படித்தான். நானும் ஒரு நல்ல வாகையை இப்படித்தான் விறகாக்கினேன். அதனால்தான் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

மரம் உருளாமல் இருபுறமும் கட்டை கொடுங்கள். இரண்டு முனைகளிலும் முனைக்கொரு துண்டுப் பலகையை நிறுத்தி, ரசமட்டம் வைத்துத் திருகுங்கள். அந்தப் பலகையும் அதன் திருகும் அறுப்புக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். ஐந்தாறு அடி தள்ளிக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு மேல்விளிம்பும் ஒன்றுக்கொன்று சாயாமல் தெரிந்தால்தான் அவற்றின் மேல் ஏணியை ஏற்றலாம். ஏணி இரு முனையிலும் ஓரடி வெளியே நீளட்டும், இல்லாவிட்டால் நுழையும்போதும் வெளிவரும்போதும் சட்டம் தலை குனியும். நீளம் பத்தடிக்கு மேல் என்றால் நடுவில் தொய்யும். ஓரத்தில் நூல் பிடித்து, தொய்ந்த இடத்தில் ஆப்பு கொடுங்கள். ஆப்பு ஏணியைத் தாங்கினால் போதும், தூக்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன்: செயின் போகும் பாதையில் திருகு இருக்கவே கூடாது.

பாதி அறுப்பில் புகை வருகிறது.

சீவலா வருகிறது, மாவா? மாவு என்றால் பல் மழுங்கிவிட்டது. ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை அரம் போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணச் செயினின் பல் 30 டிகிரி, குறுக்கே அறுக்க. நீளவாக்கில் அறுக்க 10 டிகிரிக்குத் தீட்ட வேண்டும். பின்னால் வெட்டு மூடிக்கொண்டாலும் புகையும், அங்கேயும் ஆப்புதான் மருந்து.

வேலியோர வேம்பு. உள்ளே ஆணி இருக்குமா?

இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மெட்டல் டிடெக்டர் கடன் வாங்கித் தடவிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள். பலாக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.