மழைத்தண்ணி வடிகால் குழிக்குள்ள ஃபில்டர் பை எப்படி மாட்டுறது, எப்பப்ப கிளீன் பண்ணணும்?

ஃபில்டர் பைன்னா மண்ணு, குப்பையைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியை மட்டும் கீழ விடுற துணிப்பை. மாட்டுறது பெரிய வேலையில்ல, அளவுதான் முக்கியம். கம்பி மூடியை மட்டும் அளந்துட்டு வாங்கிடாதீங்க, அதைத் தூக்கிட்டு உள்ள பையோட ஃப்ரேம் உக்கார்ற விளிம்பையும் குழியோட ஆழத்தையும் அளங்க, மூடி செம வெயிட்டு, கொக்கி போட்டு ரெண்டு பேரா தூக்குங்க, விரலை அடியில விடவே விடாதீங்க. விளிம்புல ஒட்டியிருக்க மண்ணைச் சுரண்டி எடுத்துட்டு பையோட ஃப்ரேமை உக்கார வைங்க, ஒரு விரல் நுழையுற சந்து இருந்தாலே அழுக்குத்தண்ணி அது வழியா நேரா குழாய்க்குப் போயிடும், அப்புறம் ஃபில்டர் போட்டும் போடாத மாதிரிதான்.

பையோட மேல்பக்கம் ஓட்டைங்க இருக்கும், கிழிசல்னு நெனச்சு அடைச்சிடாதீங்க, பேய்மழைல பை நிறைஞ்சா தண்ணி வெளியேற அதுதான் வழி, அதை அடைச்சா ரோட்டுலதான் குளம் கட்டும்.

ஒவ்வொரு பெரிய மழைக்கப்புறமும் திறந்து பாருங்க. பாதி நிறையுறதுக்குள்ள காலி பண்ணிடணும், இல்லன்னா ஈரமண்ணு கனத்துல தூக்கும்போதே பை கிழிஞ்சு எல்லாம் உள்ள கொட்டிடும். இலை கொஞ்சமா இருந்தாலும் நைஸ் களிமண்ணு துணியில அப்பிடுச்சுன்னா தண்ணி இறங்காது, அதனால பை காலியாதான இருக்குன்னு விட்டுடாதீங்க. அள்ளுன சகதியை திரும்ப வடிகால் பக்கமே கொட்டாதீங்க (நெறைய பேர் இதைத்தான் பண்றாங்க!), ஆயில் வாடை அடிச்சா தனியா வைங்க, சாதா குப்பையில சேர்க்கக்கூடாது.