குதிரைக்கு வயிற்றுவலி: வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள்

அண்ணே, நேற்று ராத்திரியிலிருந்து குதிரை லத்தி போடவில்லை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை உப்பிக்கொண்டே போனால் கிழிந்துவிடும். அதனால்தான் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு அழுத்தத்தை இறக்குகிறார்.

என் பெண்குதிரைக்குச் செய்தபோது பக்கத்திலேயே நின்றேன். கழுத்தின் இடப்பக்கம் குழாய் இறங்குவதைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் டாக்டர் மேற்கொண்டு உள்ளே தள்ளினார். புளித்த வாடையோடு பச்சைத் தண்ணீர் வாளியில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவள் காதுகள் தளர்ந்தன. அந்த டாக்டரின் கைப்பக்குவத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போதே தீவனத்தை எடுத்துவிடுங்கள். தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60ஐத் தாண்டினாலோ ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். போன் செய்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். ஏற்கெனவே வலி ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயரையும் நேரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஊசியின் வேகத்தில் வலி மறைந்து குதிரை தேறியதுபோலத் தெரியும், டாக்டர் அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.