மே முந்தியா, பிப்ரவரி முந்தியா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே ஒரு சின்னக் கிராமத்தில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பல தலைமுறையாக இதே ஊர். ஊர்த் தேவாலயத்தின் பழைய பதிவேட்டைத் தட்டச்சு செய்த பிரதி ஒன்றை எனக்குப் படிக்கக் கொடுத்தார். அவருடைய முன்னோர் ஒருவருக்கு 1720 மே மாதம் திருமணம். ஆனால் முதல் குழந்தைக்கு 1720 பிப்ரவரியிலேயே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. யோசிக்காமல் அதைப் பாட்டியிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அதே தம்பதிக்கு ஜான் என்ற பெயரில் மூன்று பிள்ளைகள் வேறு. இதெல்லாம் எப்படி? வெறும் பெயரும் தேதியுமாக இருக்கிற இதிலிருந்து அந்த மனிதர்களைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஷ்ரூஸ்பரி வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பாட்டியின் விஷயம். அந்தக் குழந்தை திருமணத்துக்குப் பிறகு பிறந்ததுதான்.

இங்கிலாந்தில் 1751 வரைக்கும் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ம் தேதி. 1720-ம் வருடம் மார்ச் 25-ல் தொடங்கி, மே, டிசம்பர் எல்லாம் கடந்து, ஜனவரி, பிப்ரவரி வழியாக மார்ச் 24-ல் முடியும். ஆகவே 1720 பிப்ரவரி என்பது 1720 மே மாதத்துக்கு அப்புறம் வருவது. நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி. மே முதல் பிப்ரவரி வரை எண்ணிப் பாருங்கள், ஒன்பது மாதம். மூலப் பதிவேட்டில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால் இந்த வரிசை கண்ணில் பட்டிருக்கும். தட்டச்சுப் பிரதிகளில் திருமணங்களைத் தனியாகவும் ஞானஸ்நானங்களைத் தனியாகவும் பிரித்துப் போடுவதுண்டு. அப்போது அது மறைந்துவிடும். வருடப் பிறப்பை ஜனவரிக்கு மாற்றியதால் 1751-க்கு 282 நாள்தான். நானும் இந்தப் பதிவேடுகளைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் இதே தவறைச் செய்தேன். அதிலிருந்து, 1752-க்கு முந்தைய ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி எதைப் பார்த்தாலும் இரண்டு வருடத்தையும் சேர்த்து 1720/21 என்றே குறித்துக்கொள்கிறேன்.

மூன்று ஜான்களுக்கும் விடை அநேகமாக அடக்கப் பட்டியலில் இருக்கும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்து வரும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம். முதல் ஜானையும் இரண்டாவது ஜானையும் அந்தப் பட்டியலில் தேடுங்கள். தாத்தாவின் பெயர் குடும்பத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை நமக்குத் தெரியாததா? அந்தத் தாய் மூன்று முறை அதே பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறாள். என்னால் அந்த மூன்று வரியைச் சட்டென்று கடந்துபோக முடியவில்லை.

அடக்கங்களின் பக்கத்தில் 'அஃபிடவிட்' என்று ஒரு குறிப்பும் சில பதிவேடுகளில் இருக்கும். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற, பிணத்தைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 1660-களிலும் 1678-லும் சட்டம் போட்டார்கள். அப்படித்தான் புதைத்தோம் என்று எட்டு நாளுக்குள் யாராவது சத்தியம் செய்து உறுதி தர வேண்டும், அதுதான் அஃபிடவிட். மீறினால் 5 பவுண்டு அபராதம். துக்க வீட்டுக்குள்ளேயே அரசாங்கம் நுழைந்திருக்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி. 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டபோது பதிவேட்டின் வேலை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைப்பது மட்டும்தான். நடுவில் இருந்த வாழ்க்கை அதில் வராது. ஆனால் நீங்கள் இருக்கும் வட்டாரத்திலேயே அந்த நடுப்பகுதியை எழுதி வைத்த ஒருவர் இருந்தார்.

ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே மிடில் என்ற ஊர். ரிச்சர்ட் காஃப் அந்தப் பங்கை, அதாவது அந்த ஊர்த் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியைச் சேர்ந்த சிறு நிலக்காரர், 1635-ல் பிறந்தவர். அறுபது வயதைத் தாண்டியபின், 1701 வாக்கில், ஊர்த் தேவாலயத்தில் யார் எந்த பெஞ்சில் உட்கார்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டார். அங்கே பெஞ்சு வீட்டோடும் நிலத்தோடும் சேர்ந்தது. பெரிய பண்ணைக்காரர்கள் முன்னால், சிறிய பண்ணைகள் அடுத்து, குடிசைக்காரர்கள் பின்னாலும் சுவர் ஓரத்திலும். காஃப் ஒவ்வொரு பெஞ்சாக எடுத்து, அதில் உட்கார்ந்த குடும்பத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். யார் குடித்தே நிலத்தை இழந்தான், யார் நல்ல மனைவியால் பிழைத்தான், யார் கடைசிவரை வழக்கிலேயே கிடந்தான், எல்லாமே வரும். பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் குடிசைக்காரர்களுக்கும் கொடுக்கிறார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்கு மன்னர் தரப்பு ஆள் திரட்டியபோது காஃபுக்கு எட்டு ஒன்பது வயது. மிடில் குன்றில் ஈட்டிகளை நட்டு வைத்து, வாரம் 14 குரோட் சம்பளம் என்று சொல்லி ஆள் எடுத்ததை அவர் வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒரு குரோட் என்றால் நான்கு பென்ஸ். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று ஊரிலிருந்து மட்டும் 20 பேர் போனார்கள், 13 பேர் திரும்பவில்லை என்று பெயர் பெயராக எழுதுகிறார். குகையில் குடியிருந்த ஒருவரும் அவருடைய மூன்று மகன்களும் அந்த இருபது பேரில் உண்டு. மூன்று சிற்றூருக்கே இவ்வளவு என்றால் இங்கிலாந்து முழுக்க எத்தனை ஆயிரம் பேர் செத்திருப்பார்கள் என்று அவர் கேட்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் ஊருக்கு ஒரு காஃப் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய முறை உங்களுக்கும் உதவும். ஒரே வம்சத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகாதீர்கள். ஒரு பத்து வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஊரில் இருந்த எல்லோரையும் எழுதுங்கள். திருமணத்துக்குச் சாட்சி யார், அடுத்த வீட்டில் யார் என்று பாருங்கள். ஏழைகள் அதிகம் கண்ணில் படுவது, ஊர்ப் பணத்தில் ஏழைகளுக்கு உதவி கொடுத்த மேற்பார்வையாளர் வைத்திருந்த காகிதங்களில்தான். 1662 சட்டப்படி, பிழைக்க வந்தவர் ஊருக்குச் செலவு வைப்பார் என்று தோன்றினால், அவரை விசாரித்துச் சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்பலாம். அந்த விசாரணையில் பிறந்த இடம், வேலை பார்த்த வீடு, வாங்கிய கூலி எல்லாம் எழுதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரியின் வாழ்க்கைக் கதை முழுக்க ஒரே தாளில் கிடைக்கும். நாதியற்றவள் என்று விரட்டத் தயாரித்த தாள்தான் இன்று அவளுக்கு இருக்கும் ஒரே வரலாறு.

உங்கள் வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் 1836 சட்டத்துக்குப் பின் வரைந்த தசமபாக (தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வரி) வரைபடத்தைக் கேளுங்கள். நிலத்தின் சொந்தக்காரர், குடியிருந்தவர், வயலின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். ஷ்ரூஸ்பரியிலேயே மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது.

அதற்கெல்லாம் அவசரமில்லை. மார்ச் 25 கணக்கை இன்று சாயங்காலமே பாட்டியிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். பதிவேட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், விரல் வைத்து மாதங்களை அவரே எண்ணட்டும்.

அன்புடன்