எந்த வெங்காயம் என்று கருவிக்கு யார் சொல்வது?

கேள்வி: கொக்குவிலில் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். இலங்கையின் பொருளாதாரத் தரவுகளைத் தேடித் தரும் கருவி ஒன்று செய்திருக்கிறோம். அதைப் பயன்படுத்துவது மனிதர் அல்ல, செயற்கை நுண்ணறிவு முகவர்கள், அதாவது பயனர் கேட்டதற்குத் தாமே கருவிகளை இயக்கி விடை தேடும் நிரல்கள். 18 பக்கத்தில் ஆவணம் எழுதியும் முகவர் பிழையான தொடரையே (காலவரிசைப்படி அடுக்கிய எண்களின் தொகுப்பையே) எடுக்கிறது. யாழ்ப்பாணத்துப் பணவீக்கம் எவ்வளவு என்று கேட்டால் கொழும்பின் எண்ணைத் தூக்கித் தருகிறது. ஆவணத்தில் என்ன குறை? அதைத் தமிழில் எழுதலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஆவணத்தை வாசித்தேன். மனிதர் வாசிக்க நல்ல ஆவணம்தான். ஆனால் உங்கள் முகவர் அதைக் கண்டதேயில்லை. முகவருக்குப் போய்ச் சேர்வது கருவியின் பெயர், அதோடு ஒட்டிய விவரிப்பு, என்னென்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற விபரம், கூப்பிட்ட பிறகு வரும் விடை, இவ்வளவும்தான். முகவரைக் கருவிகளோடு இணைக்கும் பொது நியமமான எம்சிபி வழியாக இணைத்தாலும், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகமான ஏபிஐயில் நேரே கொடுத்தாலும் இதுதான் நிலைமை. 18 பக்கத்தில் உள்ள நல்ல வசனங்கள் இந்த நாலு இடங்களுக்கும் குடிபெயர வேண்டும்.

இப்போது உங்கள் விவரிப்பு "பொருளாதாரத் தரவுகளைத் தேடும்" என்ற ஒரேயொரு வசனம். திருநெல்வேலிச் சந்தையில் நின்று "வெங்காயம் என்ன விலை?" என்று கேட்டால் சின்ன வெங்காயத்தின் விலைதான் வரும். பெரியது வேண்டுமென்றால் பம்பாய் வெங்காயம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். தம்புள்ளையில் போய் அதே கேள்வியைக் கேட்டால் பெரிய வெங்காயத்தின் விலைதான் வரும். மனிதருக்கு நிற்கும் இடமே பாதி விளக்கம் தந்துவிடும். முகவர் எந்தச் சந்தையிலும் நிற்பதில்லை.

"பணவீக்கம்" என்ற சொல்லும் இந்த வெங்காயம் மாதிரித்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 73.7. இரண்டும் சரி. இன்னும் சிக்கலானது 2023 ஜனவரி. அதே கொழும்புச் சுட்டெண், அதே மாதம், 2013 அடியாண்டில் (விலைகளை ஒப்பிட அடிப்படையாக எடுக்கும் ஆண்டு) 54.2, 2021 அடியாண்டில் 51.7. உங்கள் கருவியோ எல்லாவற்றுக்கும் "பணவீக்கம், இலங்கை" என்றே தலைப்புக் கொடுக்கிறது. முதலில் வந்ததை முகவர் எடுத்தது. அதில் அதன் பிழை என்ன?

ஆகவே முதலில் விடையைத் திருத்துங்கள். ஒவ்வொரு முடிவிலும் சுட்டெண்ணின் முழுப்பெயர், எந்தப் பிரதேசம், அடியாண்டு, மாதமா காலாண்டா, அலகு, முதலும் கடைசியுமான திகதி எல்லாம் இருக்கவேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃபிரெட் தரவுத்தளம் ஏறக்குறைய இப்படித்தான் தருகிறது. அங்கே நுகர்வோர் விலைச் சுட்டெண்ணே பருவத் திருத்தம் (ஆண்டுதோறும் பருவத்தால் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவது) செய்தது, செய்யாதது என்று வெவ்வேறு குறிகளில் கிடக்கும். ஆனால் ஒரே அழைப்பில் 1000 முடிவுகள் வரை தரும் அதன் பழக்கத்தைப் பின்பற்றவேண்டாம். முகவருக்குப் பத்துக் கொடுத்தால் காணும். மிச்சம் எத்தனை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பிறகு விவரிப்பு. நானென்றால் இப்படி எழுதுவேன் (இங்கே விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்):

"இலங்கையின் பொருளாதாரத் தொடர்களைத் தேடி அந்தத் தொடரின் அடையாள எண்ணைத் தரும். பெறுமானங்களைத் தராது, அவற்றுக்கு அடுத்த கருவியைப் பயன்படுத்துக. தேடற்சொல் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். பணவீக்கத்துக்கு இடம் சொல்லப்படாவிட்டால் தேசியச் சுட்டெண்ணை எடுத்து, எதை எடுத்தாய் என்பதைப் பயனருக்குச் சொல்க. மாவட்ட மட்டப் பணவீக்கம் இதில் இல்லை. கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புறத்துக்கு உரியது. வேறு மாவட்டத்துக்கு அதைக் கொடுக்கவேண்டாம்."

கடைசி மூன்று வசனமும்தான் உங்கள் யாழ்ப்பாணப் பிரச்சினைக்கு மருந்து. கருவியால் என்ன ஏலாது என்று எழுத எங்கள் பெடியளுக்குக் கொஞ்சம் கூச்சம், விற்கிற பொருளைக் குறைசொல்வது மாதிரி இருக்குமாம். முகவரோ "இல்லை" என்று யாரும் சொல்லாவிட்டால், கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒன்றை எடுத்து நம்பிக்கையோடு நீட்டிவிடும்.

வெற்று விடையையும் கவனியுங்கள். கொழும்புச் சுட்டெண் அந்தந்த மாத இறுதியிலேயே வெளிவரும். தேசியச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதியளவில்தான். இடைப்பட்ட நாட்களில் உங்கள் கருவி வெறும் அடைப்புக்குறியைத் திருப்பி அனுப்புகிறது. "இன்னும் வெளியாகவில்லை", "அப்படியொரு தொடர் இல்லை", "இணைப்பு அறுந்துவிட்டது" மூன்றுக்கும் மூன்று செய்தி வேண்டும். ஒவ்வொன்றிலும் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வசனம் சேருங்கள்.

உதாரணம் கொடுப்பதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு கருவியின் விவரிப்பில் தொடக்க ஆண்டுக்கு 2019 என்று ஒரேயொரு உதாரணம் போட்டேன். அதன்பிறகு எதைக் கேட்டாலும் முகவர் 2019இலிருந்தே தரவு எடுத்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. உதாரணம் கொடுத்தால் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு மூன்றாகக் கொடுங்கள்.

திருத்தியதும் உண்மையான பயனர் கேட்ட இருபது கேள்விகளை எடுத்து, எந்தத் தொடர் வரவேண்டும் என்று பக்கத்தில் எழுதி ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு வசனம் மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று விளங்காது.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம், முகவருக்கு விளங்கும். ஆனால் அதே விஷயம் தமிழில் கூடுதல் டோக்கன் (முகவர் எழுத்தை வெட்டி வாசிக்கும் சிறு துண்டு) பிடிக்கும்; ஒவ்வொரு அழைப்பிலும் அந்தச் செலவு வரும். தரவும் ஆங்கிலத்தில் இருப்பதால் விவரிப்பை ஆங்கிலத்திலேயே விடுங்கள். ஒரே பொருளின் வேறு பெயர்களைத் தரும் இணைச்சொற் பட்டியலில் மட்டும் தமிழ் கட்டாயம் வேண்டும். விலைப்பட்டியலில் "ரெட் ஆனியன்" என்று கிடப்பது எங்கள் சின்ன வெங்காயம், "பிக் ஆனியன்" பம்பாய் வெங்காயம் என்று அதற்கு வேறு யார் சொல்லிக் கொடுப்பது?