முழு டிக்கெட், பாதிப் படம்

கேள்வி: 2024-இல் வந்த தமிழ்ப் படங்களில் மிகவும் ஏமாற்றியவை எவை? என் பேத்தியை மூன்று முறை அரங்குக்கு அழைத்துப் போனேன்; மூன்று முறையும் பாதியிலேயே தூங்கிவிட்டாள். 'இந்தியன் 2' வருவதற்கு முன் நீங்களும்தானே பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினீர்கள்? இந்தப் படங்களை இங்கே கொண்டுவருவதையே நிறுத்திவிடலாம். நாங்கள் இந்திப் படம் பார்த்துக்கொள்கிறோம்.
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, எழுதினோம். படத்தைப் பார்க்காமலே, கமல் நடித்த சேனாபதி 28 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வருகிறார் என்ற செய்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தை நிரப்பியது தவறு. அதைப் படித்துவிட்டு நீங்கள் டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் கடைசி இரண்டு வரிகளை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

அதிகம் ஏமாற்றிய படம் எது என்றால் தயங்காமல் 'இந்தியன் 2' என்பேன். வசூலைப் பார்த்துச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு அந்தப் படத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. முதல் 'இந்தியன்' 1996 மே 9 அன்று வெளியானது. அதற்கு முதல் நாள்தான் நம்முடைய புதிய அரசியல் சாசனத்தைக் கேப் டவுனில் நிறைவேற்றியிருந்தார்கள். மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழுக்கும் இடம் கொடுத்த சாசனம் அது. புதிய அரசாங்கம் வந்துவிட்டது, இனி எந்த அலுவலக வாசலிலும் தலைகுனிந்து நிற்க வேண்டாம் என்று நம்பியிருந்த நாள்கள். தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்காகக்கூட லஞ்சம் கொடுக்க மறுத்தவரை, லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்று கொடுத்த சொந்த மகனையே கொன்ற தகப்பனை நம் ஆட்கள் அந்த மனநிலையில்தான் பார்த்தார்கள். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்தையே ஒரு சிலர் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்ட கதையை நீதிபதி ஸோண்டோவின் விசாரணை ஆணையம் 2018 முதல் நான்கு ஆண்டுகள் விசாரித்தது. சாட்சிகள் பேசியதைத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து கேட்டோம். அதனால், சேனாபதி திரும்பி வந்து என்ன சொல்வார் என்று கேட்க நமக்கு இருந்த ஆவல் சென்னைக்காரர்களின் ஆவலுக்குக் குறைந்ததில்லை.

தைபேயிலிருந்து வந்தார். வேடத்துக்கு மேல் வேடம் போட்டார், வர்மக்கலை காட்டினார், பெயர்கூட நம் மனத்தில் நிற்காத பெரும் பணக்காரர்களைக் கொன்றார். முதல் படத்தில் அவர் கத்திக்கு இரையானவர்கள் நாம் அன்றாடம் வரிசையில் நின்று பார்க்கிற ஆள்கள்: ஒரு மருத்துவர், ஒரு அலுவலர். அந்த நெருக்கம் இதில் போய்விட்டது.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. இந்தப் படத்துக்குள் ஓர் அருமையான கரு கிடக்கிறது. ஊரைத் திருத்துவதற்கு முன் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று சேனாபதி இளைஞர்களிடம் சொல்கிறார். சித்தார்த் நடித்த இளைஞன் அதை நம்பி, லஞ்ச ஒழிப்புத் துறையில் வேலை பார்க்கும் தன் தகப்பனே லஞ்சம் வாங்குவதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்கிறான். தாய் உயிரை விடுகிறாள். முதல் படத்தில் தகப்பன் மகனைத் தண்டித்தார். இதில் மகன் தகப்பனைப் பிடித்துக்கொடுக்கிறான். இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் கேமராவை வைத்திருந்தால் போதும், முதல் படத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் படம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வீட்டு வாசலை மிதித்த உடனேயே படம் வெளியே ஓடிவிடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம். 2020 பிப்ரவரியில் இதன் படப்பிடிப்பில் கிரேன் விழுந்து மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த ஒரு வேலை, அடுத்த படத்துக்கு விளம்பரமாக முடிந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்தது 'கங்குவா'. நவம்பரில் வந்தது. இதிலும் ஒரு கரு உண்டு. துரோகி ஒருவனைத் தண்டித்த தலைவன், அந்தத் துரோகியின் மகனைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறான். சிறுவனோ அவன் மேல் தீராத வெறுப்போடு இருக்கிறான். பழைய கூத்துக்காரர்களிடம் இந்தக் கதையைக் கொடுத்திருந்தால் விடிய விடிய அழவைத்திருப்பார்கள். இங்கே அவர்கள் பேசுவதே கேட்கவில்லை. எல்லாரும் எல்லா நேரமும் கத்துகிறார்கள், அதற்கு மேல் இசை கத்துகிறது. ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே அரங்குகளைக் கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. படத்துக்காகப் பரிந்து எழுதிய, நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகாகூட முதல் அரை மணி நேரம் சரியில்லை, ஒலி இடறுகிறது என்று ஒப்புக்கொண்டார். இதுவும் கடைசியில் அடுத்த பாகத்துக்கு ஆளைக் காட்டிவிட்டுத்தான் முடிகிறது. முழு டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாதிப் படத்தைத் தருவது ஆண்டு முழுக்க நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிகம் செலவழித்தவர்கள்தான் அதைச் செய்தார்கள்.

'லால் சலாம்' பற்றி ஒரு வரி போதும்: எடுத்த காட்சிகளில் பல நாள் படப்பிடிப்பு தொலைந்துவிட்டது என்று இயக்குநரே சொன்னார், இரண்டு சமூகத்தார் சேர்ந்து வாழ்கிற ஊரைப் பற்றிய நல்ல எண்ணம் ஒட்டுப்போட்ட துணியாகிவிட்டது.

நான்காவதாக நான் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கும். 'மெய்யழகன்'. படம் ஏமாற்றவில்லை, படத்தை வெட்டியது ஏமாற்றியது. பிறந்த வீட்டை இழந்து தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போனவன், இருபது ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஓர் இரவு ஊர் திரும்புகிறான். அவனிடம் அன்பைக் கொட்டும் உறவினனின் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களின் வழியில் வந்த நமக்கு இது யாருடைய கதை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியா போய், அங்கே ஒரு கிழவி நம் முகத்தைத் தடவிப் பார்த்தபோது என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் படம் நீளம் என்று முணுமுணுப்பு எழுந்ததும், வெளியான சில நாள்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். 'இந்தியன் 2'-இல் 12 நிமிடம், 'கங்குவா'வில் 12 நிமிடம், இதில் 18. நோயாளிக்கும் நல்ல உடம்புக்காரனுக்கும் ஒரே கத்தி. டிசம்பரில் தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு வாரம் ஓடுவதே பெரிது என்றிருக்கும் நம் ஊரில் மூன்று நாள் என்பது படத்தின் பாதி ஆயுள். பார்த்தவர் பார்க்காதவரிடம் வாய் திறக்கக் கூடாது என்றால் நாம் எதை நம்பிப் பணம் கொடுப்பது?

இப்போது உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். தமிழ்ப் படத்துக்கு இது கெட்ட ஆண்டு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. 'மகாராஜா', 'லப்பர் பந்து', 'கொட்டுக்காளி', 'வாழை' எல்லாம் இதே ஆண்டில் வந்தவை. பின்னணி இசையே இல்லாமல் நம்மை இருக்கையில் கட்டிப்போட்ட படம் 'கொட்டுக்காளி'. நீங்கள் உங்கள் பேத்தியை அழைத்துப் போனது இவற்றில் எதற்கு? சுவரொட்டியில் பெரிய முகம் இருந்த படங்களுக்குத்தானே? நானும் அந்த முகங்களுக்குத்தான் பக்கம் ஒதுக்கினேன். டர்பன் கிரே தெருவில் ஷாஜகான் அரங்கு நிரம்பி வழிந்த காலத்தில் நமக்குத் தேர்ந்தெடுக்க வழியில்லை; வந்ததைப் பார்த்தோம். இன்று வழி இருக்கிறது. சின்னப் படம் வந்தால் முதல் நாள் யாரும் போவதில்லை, ஆளில்லை என்று மூன்றாம் நாள் எடுத்துவிடுகிறார்கள், அடுத்த சின்னப் படத்தைக் கொண்டுவர எவரும் துணிவதில்லை.

பேத்தி தூங்கியதற்கு அவளைக் குறை சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளிடம் ஆயா, தாத்தா, காவடி, ரசம் என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துத்தான் அவர்கள் கதையைப் பிடிக்கிறார்கள். காதை அடைக்கிற இரைச்சலுக்கு நடுவே அவளுக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் ஒன்றுகூட அவள் காதில் விழுந்திருக்காது. இந்திப் படத்திலும் அவள் அதே எழுத்தைத்தான் படிக்கப் போகிறாள். ஆனால் அங்கே தற்செயலாகக் காதில் விழுவதற்கு அந்தப் பத்துச் சொல்லும் இருக்காது.

'வாழை'யை நான் வீட்டில்தான் பார்த்தேன். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்த என் பெரியம்மா பக்கத்தில் இருந்தார். அவருக்குத் தமிழ் பாதிதான் வரும். பள்ளி விடுமுறையில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவன் தலையில் துணியைச் சுருட்டி வைத்ததும், "சும்மாடு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவருடைய அம்மா விறகு சுமக்கும்போது வைத்துக்கொள்வாராம். அதன்பிறகு படம் முடியும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது தாண்டியிருந்தால் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். கடைசி அரை மணி நேரம் எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். சிறு பிள்ளைக்குத் தனியாகத் தாங்காது. தூங்கினாளா என்று எனக்கு எழுதுங்கள்.