பெடோ, பெஃத், இசில்: எல்ஃப் மொழிகள் பற்றிக் கேள்வி பதில்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளில் வரும் எல்ஃப் இன மக்களுக்காக உருவாக்கிய மொழிகளில் சொற்கள் எப்படிப் பிறந்தன, எப்படித் திரிந்தன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே போகிறேன்.

எழுத்து பற்றி ஒரு சொல். நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்து ஊதும் ஒலியை 'ஃத' என்று எழுதுகிறேன். வெறும் 'த' வந்தால் 'அது' என்பதில் வரும் மெல்லிய த.

கேள்வி: கற்பனை மொழிதானே? வேண்டிய சொல்லை வேண்டியபோது செய்துகொண்டால் போதாதா? அது ஏன் 'மாற' வேண்டும்?

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். டோல்கீன் பெரும்பாலும் சொல்லை நேராகச் செய்வதில்லை. முதலில் ஒரு வேர். வேரிலிருந்து மிகப் பழைய ஒரு வடிவம். அப்புறம் அந்தப் பழைய வடிவத்தை ஒலி விதிகள் வழியாக இரண்டு மூன்று மொழிகளுக்கு இறக்கிக்கொண்டு வருவார். 1919, 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'டபிள்யூ' எழுத்துச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடும் வேலை பார்த்தவர் அவர். பூர்வீகம் இல்லாத சொல் அவருக்குச் சொல்லாகவே தோன்றியிருக்காது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பேசு' என்பதற்கு வேர் க்வெட். இதிலிருந்து வந்த பழைய பெயர்ச்சொல் க்வெட்டா, அதாவது 'சொல்'. க்வென்யா என்ற எல்ஃப் மொழி இதை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. சிந்தாரின் என்ற இன்னொரு எல்ஃப் மொழியில் மூன்று மாற்றங்கள் நடந்தன. 'க்வ' எல்லாம் 'ப' ஆனது: பெட்டா. இரட்டித்த 'ட்ட' ஊதும் ஒலியானது: பெஃதா. கடைசி உயிர் உதிர்ந்தது: பெஃத்.

அதே வேரின் வினைச்சொல்லில் ட் இரட்டிக்கவில்லை. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ஒற்றை ட் மெலிந்துவிட்டது, நம் 'நாடு' என்பதில் ட மெலிவதைப் போல. அதனால் வினை பெட் என்று நின்றது.

இப்போது கதையில் வரும் மோரியா சுரங்கத்தின் வாசலுக்கு வாருங்கள். கதவில் பொறித்திருப்பது 'பெடோ மெல்லோன் அ மின்னோ'. நண்பா என்று சொல், உள்ளே வா. அதைத் திறக்க மந்திரவாதிக் கிழவர் கந்தால்ஃப் உச்சரிக்கும் மந்திரத்தில் 'லாஸ்டோ பெஃத் லம்மென்' என்று வருகிறது. என் நாவின் சொல்லைக் கேள். கதவில் இருப்பதும் கிழவர் வாயில் வருவதும் ஒரே வேரின் இரண்டு பிள்ளைகள். கதையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு இது புரிந்த அன்று அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருப்பிப் படித்தேன் என்று கணக்கே இல்லை.

விதி மட்டும் போதாது, விதிகளின் வரிசையும் முக்கியம். 'ட்ட' முதலில் ஒற்றை ட் ஆகியிருந்தால் அதுவும் மெலிந்து பெட் ஆகியிருக்கும். 'பேசு'வும் 'சொல்'லும் ஒன்றாகிப் போயிருக்கும்.

கேள்வி: ஆனால் மந்திரத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து 'தம்பி'யில் வரும் ப் மாதிரி ஒலிக்கிறதே?

கவனித்துக் கேட்டதற்கு நன்றி. வாக்கியத்துக்குள் வரும்போது சொல்லின் முதல் மெய் மெலியும். வெல்ஷ் மொழியிலிருந்து டோல்கீன் எடுத்துக்கொண்ட பழக்கம் இது. தமிழருக்கு இது அந்நியமே இல்லை. 'பேர்' என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'என் பேர்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மெலிவதற்கான காரணம் இரண்டிலும் வேறு, காதுக்குக் கிடைப்பது ஒன்று.

கேள்வி: அண்ணா, என் பெயரை எல்விஷில் எழுதித் தர முடியுமா? கையில் பச்சை குத்தப் போகிறேன்.

தம்பி, முதலில் எழுத்தையும் மொழியையும் பிரித்துக்கொள். தெங்வார் என்பது எழுத்து. அதில் எந்த மொழியையும் எழுதலாம். கதையின் மையமான மோதிரத்தில் பொறித்திருக்கும் வரிகள் எல்ஃப் எழுத்துதான், மொழி மோர்டோர் என்ற பகை நாட்டின் கருமொழி. உன் பெயரைத் தெங்வாரில் எழுதினால் அது எல்ஃப் எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர். அர்த்தத்தை மொழிபெயர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதிக்கும் சொல் கிடைக்க வேண்டும். பல பெயர்களுக்குக் கிடைக்காது. தோலில் குத்துவதற்கு முன்னால் மூன்று பேரிடம் காட்டு.

கேள்வி: இணையத்தில் ஒரு சொற்பட்டியல் கிடைத்தது. 'நாக்கு, மொழி' என்பதற்கு சிந்தாரினில் 'ல்ஹம்' என்று போட்டிருக்கிறது. சரியா?

என்னிடம் எதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்த வருடத்துச் சொல்?

எல்ஃப் மொழிகளுக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று கதைக்குள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எல்ஃப்கள் பேசிப் பேசி மாறியது. இன்னொன்று டோல்கீனின் மேசை மேல், அவர் மனம் மாறி மாறி அடித்துத் திருத்தியது. 1915இல் க்வென்யாவின் முதல் அகராதியைத் தொடங்கினார். 1917இல் இன்னொரு எல்ஃப் மொழிக்கு அகராதி எழுதினார். அந்த இரண்டாவது மொழி வளர்ந்து 1930களில் நோல்டோரின் என்ற பெயரில் இருந்தது. பிறகு அதன் கதையையே மாற்றி, பேசும் மக்களையும் மாற்றி, சிந்தாரின் ஆக்கினார். 'ல்ஹம்' 1930களின் நோல்டோரின். சிந்தாரினில் அது 'லம்'. மேலே பார்த்த 'லம்மென்' என்பதற்குள் இருப்பது அதுதான். நாற்பது வருட இடைவெளியில் எழுதிய சொற்களை ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்காதீர்கள். வருடம் போடாத பட்டியலை நம்பாதீர்கள்.

கேள்வி: நிலாவுக்கு ஓரிடத்தில் 'இசில்', ஓரிடத்தில் 'இஃதில்'. அரசன் பெயரை இசில்டூர் என்கிறார்கள், கோட்டையின் பெயரை மினாஸ் இஃதில் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பழைய வடிவம் இஃதில். சிந்தாரின் 'ஃத'வை வைத்துக்கொண்டது. க்வென்யா பேசிய நோல்டோர் மக்கள் எல்லா 'ஃத'வையும் 'ஸ' ஆக்கிவிட்டார்கள். வன்யார் என்ற கிளையினர் மட்டும் 'ஃத'விலேயே நின்றார்கள். தெங்வாரில் ஃதூலே என்ற எழுத்தின் பெயர்கூட சூலே ஆகிவிட்டது.

இந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. நோல்டோர் இளவரசன் ஃபேயனோரின் தாய் மீரியெல், ஊசி வேலையில் யாரும் மிஞ்ச முடியாதவள். அதனால் அவளுக்கு ஃதெரிந்தே என்று பெயர். தன் பெயரையாவது பழைய ஒலியோடு சொல்ல வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் இறந்தாள். கணவன் ஃபின்வே மறுமணம் செய்துகொண்டான். வந்தவள் இந்திஸ், வன்யார் பெண். பிறந்த வீட்டு வழக்கப்படி அவள் 'ஃத' சொல்லியிருக்க வேண்டும். கணவனின் மக்களோடு ஒன்றாக வேண்டும் என்று 'ஸ'வுக்கு மாறிக்கொண்டாள். ஊர் முழுக்க செரிந்தே என்று சொல்ல ஆரம்பித்தது. தன் தாயை மறுக்கிறார்கள் என்று ஃபேயனோர் எடுத்துக்கொண்டான்.

கேள்வி: அப்படியென்றால் ஃபேயனோர் சொன்னதுதான் நியாயம்! அம்மா பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்பது தப்பா?

தப்பில்லை. அவன் அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் பிரச்சினை. 'ஸ' சொன்னவர்கள் எல்லோரையும் பகையாளியாகப் பார்த்தான், பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுத்தான்.

கேள்வி (இன்னொருவர்): இரண்டு பேரும் தவறு. ஒலி மாற்றம் தானாக நடப்பது. ஊர் கூடி 'இனி ஸ' என்று எந்த மக்களும் முடிவெடுத்ததில்லை. மொழியியல் தெரிந்த டோல்கீனே இங்கே சறுக்கிவிட்டார்.

இல்லை ஐயா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனிதர்களிடம் நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பாட்டி போகிறாள், பேத்தி வேறு மாதிரிப் பேசுகிறாள், யாரும் கவனிப்பதில்லை. எல்ஃப்களுக்கு முதுமைச் சாவு கிடையாது. பழைய ஒலியில் பேசிய முதல் தலைமுறை இன்னமும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் மொழி எப்படி மாறும்? டோல்கீன் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. ஆல்ஃப்வினே என்ற மனிதன் இதையே கேட்க, பெங்கோலோத் என்ற எல்ஃப் அறிஞர் பதில் சொல்வதாகத் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். எல்ஃப்கள் மொழியை ஒரு கலையாக நேசிப்பவர்கள், புதிதாகச் செய்வதில் மகிழ்பவர்கள், தெரிந்தே மாற்றுகிறார்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். தெரிந்தே மாற்றினால் தெரிந்தே எதிர்க்கவும் முடியும். ஃபேயனோரின் கோபம் அங்கிருந்து வருகிறது.

கேள்வி (அதே நண்பர்): அது கதைக்கு வசதியான சமாளிப்பு. ஒரு எழுத்துக்காக யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா?

தமிழ் பேசிக்கொண்டு இதைக் கேட்கிறீர்களே. ழகரத்தை நினைத்துப் பாருங்கள். என் ஆச்சி வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பாள். தெற்கே பாதிப் பேர் அப்படித்தான். பள்ளியில் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று நானும் அப்படியே சொன்னேன். ஆசிரியர் என்னை நிற்கவைத்து இருபது முறை 'பழம்' சொல்ல வைத்தார், எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ழகரத்தின் மேல் இல்லை. ஆச்சியைச் சிரித்துவிட்டார்களே என்றுதான். ஃபேயனோர் நின்றது பழைய ஒலியின் பக்கம், நான் நின்றது புதிய ஒலியின் பக்கம். காயம் பட்ட இடம் ஒன்று. எழுத்தில் ழ இன்னும் ழவாகவே இருப்பது போல, நோல்டோரும் 'ஸ' என்று சொல்லிக்கொண்டே பழைய எழுத்தை வைத்திருந்தார்கள்.

மூன்று பேர் இதற்கு மேலும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஃபேயனோர் நல்லவனா கெட்டவனா என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் சொற்களுக்குத் திரும்புகிறேன்.

கேள்வி: என் மகள் பெயரை எல்விஷில்...

மேலே தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: சிந்தாரினில் அப்பாவுக்கு 'அடர்'. தமிழில் 'அத்தன்'. எல்விஷ் தமிழிலிருந்து வந்தது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. அப்பா, அம்மா சொற்கள் உலகம் முழுக்க ஒன்றைப் போல ஒன்று இருக்கும். டோல்கீனுக்கு நன்கு தெரிந்த காத்திக் மொழியிலேயே அப்பா 'அட்டா'. ஒரு சொல் ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. வரிசையாக ஒத்துப்போக வேண்டும். தமிழில் பால், பத்து, பல். கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு. ஒவ்வொரு முறையும் ப போய் ஹ வருகிறது பாருங்கள், அதுதான் உறவு. க்வென்யாவுக்கு ஃபின்னிஷ், சிந்தாரினுக்கு வெல்ஷ் ஒலியழகு தந்தன என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். தமிழை அதில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: க்ளிங்கான், மதன் கார்க்கியின் கிளிக்கி போன்ற மற்றக் கற்பனை மொழிகள் பற்றியும் சொல்லுங்களேன்.

நான் படித்த துறை இல்லை. அவற்றைப் பேசத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: க்வென்யாவில் 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு உண்டா?

உண்டு! இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். கதையின் நாயகன் ஃப்ரோடோ எல்ஃப்களுக்குச் சொல்லும் வணக்கம், நம் சந்திப்பின் வேளையில் ஒரு விண்மீன் ஒளிர்கிறது என்பது. 1954இல் வந்த முதல் பதிப்பில் கடைசிச் சொல் 'ஓமென்டியெல்மோ'. திருத்திய பதிப்பில் 'ஓமென்டியெல்வோ'. ஒரே ஒரு மெய் மாறியது. இடையில் டோல்கீன் தன்மைப் பன்மை விகுதிகளை மாற்றி அமைத்திருந்தார். புதிய கணக்குப்படி 'ல்ம்' என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும் 'எங்கள்', 'ல்வ்' என்பது கேட்பவரையும் சேர்த்த 'நம்'. எதிரில் நிற்பவரைச் சந்தித்துவிட்டு 'எங்கள் சந்திப்பு' என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? ஆங்கில வாசகருக்கு விளக்கினால்தான் புரியும், நமக்குக் காதிலேயே உறுத்தும்.

கேள்வி: கலாட்ரியெல் என்றால் 'மரங்களின் அரசி' தானே?

பலரும் அப்படி நினைத்தார்கள், கதைக்குள்ளேயே. மரம் சிந்தாரினில் 'கலத்', அவளுடைய மக்கள் கலத்ரிம். அதனால் அவள் ஆளும் லோரியன் காட்டுக்கு வெளியே சிலர் அவள் பெயரையே கலத்ரியெல் என்று திருத்திச் சொன்னார்கள். உண்மையில் அதில் இருப்பது ஒளி. ஒளிவீசும் மாலை சூடியவள் என்று பொருள். தெரியாத பெயரைத் தெரிந்த சொல்லுக்கு இழுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பது. அதைக்கூட விடாமல் கற்பனை மொழிக்குள் வைத்தாரே, அதற்காகவே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும்.

கேள்வி: சார், ஜோடியாகப் போட இரண்டு பெயர்கள்...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

கேள்வி: நானே ஒன்று செய்து பார்த்தேன். க்வென்யாவில் அன்னம் 'அல்க்வா'. 'க்வ' போய் 'ப', கடைசி உயிர் உதிரும். அப்படியானால் சிந்தாரினில் 'அல்ப்'?

மிக நெருங்கிவிட்டீர்கள்! இன்னும் ஒரு படி: ல்-க்குப் பின்னால் வரும் ப் ஊதும் ஒலியாகிவிடும். 'அல்ஃப்' என்பதுதான் சிந்தாரின் வடிவம். பட்டியலைப் பார்த்து எழுதாமல் வழியைப் பார்த்து நடந்தீர்கள், அதுதான் சரியான முறை. அடுத்து 'க்வென்டா' செய்து பாருங்கள், 'கதை' என்று பொருள். நடுவில் இருக்கும் 'ன்ட்' கூட்டைத் தொடாதீர்கள், அது மாறாது. என்ன வருகிறது என்று எழுதுங்கள்.