6000 ரூபாய்க்கு ஒரு நல்ல ஸ்டிக்

அன்புள்ள அண்ணா,

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், தாம்பரத்தில் ஹாஸ்டல். வேளச்சேரி பக்கம் ஒரு பில்லியர்ட்ஸ் பார்லரில் ஒன்றரை வருஷமாக எட்டுப் பந்து பூல் ஆடி வருகிறேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த 6000 ரூபாய் கையில் இருக்கிறது, சொந்தமாக ஒரு ஸ்டிக் வாங்க ஆசை. ஆன்லைனில் 4500 ரூபாய்க்கு 'கார்பன் ஃபைபர்' என்று போட்டு பை, கையுறை, நுனியில் தேய்க்கிற சாக் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். நண்பன் 21 அவுன்ஸ் வாங்கு, அடி பலமாக விழும் என்கிறான். படிக்கிற பையனுக்கு இது வீண் செலவோ என்றும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

ச., தாம்பரம்

அன்புள்ள ச.,

வீண் செலவு இல்லை, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்லர் ஸ்டிக்கில் ஆடும்போது இன்றைக்கு ஒன்று கைக்கு வரும், நாளைக்கு இன்னொன்று. ஒன்றின் டிப், அதாவது பந்தைத் தொடும் நுனித் தோல், தட்டையாகத் தேய்ந்திருக்கும், இன்னொன்று கல் மாதிரி இறுகியிருக்கும், பந்து பாக்கெட்டுக்கு, அதாவது மேசையோரக் குழிக்கு, பக்கத்தில் மோதித் திரும்பினால் தப்பு கையிலா ஸ்டிக்கிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே ஸ்டிக்கில் மூன்று மாதம் ஆடுங்கள், உங்கள் தப்பு எது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான்.

அதனால் காசு எங்கே போக வேண்டும் என்பதும் சுலபம். டிப், அப்புறம் ஷாஃப்ட் (ஸ்டிக்கின் மெல்லிய முன்பாதி), அப்புறம் ஜாயின்ட் (இரண்டு பாதியும் திருகிச் சேரும் இடம்). பிடியில் இருக்கிற டிராகன் படம், மினுமினுப்பு, கூட வரும் கையுறை எதுவும் பந்தைத் தொடுவதில்லை. டிப் பந்தைத் தொடுகிற நேரமே ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், அந்த நேரத்துக்குள் பந்துக்குப் போய்ச் சேர வேண்டியதெல்லாம் 13 மில்லிமீட்டர் அகலத் தோல் வழியாகத்தான் போகிறது.

அந்தக் கார்பன் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். பேர்பெற்ற கம்பெனிகளின் கார்பன் ஷாஃப்ட் தனியாகவே உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு விலை. அதன் சிறப்பு, முன்பக்கம் எடை குறைவாக இருப்பதால் பந்தின் ஓரத்தில் அடித்து ஸ்பின் கொடுக்கும்போது வெள்ளைப் பந்து குறி விலகிப் போவது குறைகிறது என்பதுதான். 4500 ரூபாயில் முழு ஸ்டிக்கும் பையும் கையுறையும் சேர்த்துக் கிடைத்தால் அந்தச் சிறப்பு அதில் இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். இந்த விலைக்கு நேரான, நல்ல மேப்பிள் மரம் கிடைக்கும், அது போதும்.

எடை விஷயத்தில் நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. பூல் ஸ்டிக் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை வரும், அதாவது சுமார் 510 முதல் 595 கிராம். வெள்ளைப் பந்து சுமார் 170 கிராம்தான், 19 அவுன்ஸ் ஸ்டிக்கே அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. பலம் கை வேகத்திலிருந்து வருகிறது, கனமான ஸ்டிக்கில் அந்த வேகம்தான் முதலில் குறையும். 19 எடுங்கள். பல ஸ்டிக்குகளில் பின்பக்க ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடை போல்ட் இருக்கும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பூல் ஸ்டிக்கா ஸ்னூக்கர் ஸ்டிக்கா என்பதில் நம் ஊரில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஸ்னூக்கர் பூல் மாதிரியே இன்னொரு மேசை ஆட்டம், நம்ம நாட்டு ஆட்டம், ஜபல்பூரில் பிறந்து 1882-ல் ஊட்டியில் விதிகள் எழுதப்பட்டது, அதனால் இங்கே கடைகளிலும் க்ளப்புகளிலும் நான் பார்த்தவரை நல்ல மரம் என்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ஸ்னூக்கர் ஸ்டிக்தான். ஆஷ் மரம், பித்தளை வளையம், 9 அல்லது 10 மில்லிமீட்டர் டிப். அது 52.5 மில்லிமீட்டர் பந்துக்காகச் செய்தது, பூல் பந்து 57 மில்லிமீட்டர், எடையும் கூடுதல். அதை வைத்து பூல் ஆடலாம், ஆடுகிறார்கள், ஆனால் பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி, அடிக்க அடிக்க டிப் சீக்கிரம் போய்விடும். நீங்கள் பூல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் 12.5 அல்லது 13 மில்லிமீட்டர் என்று கேட்டே வாங்குங்கள். எந்த ஸ்டிக் வாங்கினாலும் அதில் பிரேக் அடிக்காதீர்கள். பிரேக்குக்குப் பார்லர் ஸ்டிக் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு இலவச பிரேக் ஸ்டிக்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது? நான் படிக்கும்போது ஒரு கடையில் பெட்டியைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்காமல் வாங்கி வந்தேன். இரண்டாம் வாரமே ஜாயின்டில் 'டக் டக்' என்று சத்தம், மேசையில் உருட்டிப் பார்த்தால் நுனி குதித்தது. திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். நாலு மாதச் சேமிப்பு அது, இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அதனால் ஆன்லைன் வேண்டாம், கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

முதலில் ஷாஃப்டை மட்டும் தனியாகக் கழற்றி மேசை மேல் உருட்டுங்கள். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மரத்துக்கும் துணிக்கும் நடுவே தெரிகிற வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். நேரான மரம் என்றால் கோடு அப்படியே நிற்கும். வளைந்திருந்தால் கோடு விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, மூச்சு விடுவது மாதிரி தெரியும். அப்புறம் மாட்டி முழுசாக உருட்டுங்கள். ஷாஃப்ட் தனியாக நேராக இருந்து, மாட்டினால் மட்டும் ஆடினால் கோளாறு ஜாயின்டில், அதை வாங்கவே வேண்டாம். மரத்தின் ரேகைகள் நுனிவரை நீளவாக்கில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள், குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற ரேகை நாளைக்கு வளைகிற மரம்.

பழைய ஸ்டிக் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் பார்லரில் மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணனிடம் சொல்லி வையுங்கள், யார் புதுசு வாங்கிவிட்டுப் பழசை விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஐந்து வருஷம் நம் ஊர்க் காற்றில், அந்த ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் பார்த்துவிட்டு, இன்னும் நேராக நிற்கிற ஸ்டிக் இனிமேல் வளைவதற்கு வாய்ப்பு குறைவு. புதுசில் அந்த உறுதி கிடைக்காது.

மொத்தக் காசையும் ஸ்டிக்கில் போட்டுவிடாதீர்கள். ஆயிரம் ரூபாயாவது ஒரு நல்ல டிப்புக்கும் அதை மாட்டுகிற கூலிக்கும் ஒதுக்குங்கள். விலை குறைந்த ஸ்டிக்கில் கம்பெனி ஒட்டி அனுப்புகிற டிப் பெரும்பாலும் மோசம், சாக் பிடிக்காமல் வழுக்கும். நடுத்தர அழுத்தமுள்ள, அடுக்கு அடுக்காக ஒட்டிய தோல் டிப் கேளுங்கள். மாட்டிய பிறகு அதன் வளைவைப் பக்கத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 2011-க்குப் பிறகு வந்த சின்ன நாணயம், பழைய பெரியது வேண்டாம். நாணயத்தின் விளிம்பும் டிப்பின் மேடும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். தட்டையாகிவிட்டால் உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து அந்த வளைவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள், மாதம் ஒருமுறை போதும்.

பைக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் இரண்டரை அடிக்கு வெட்டித் தரச் சொல்லி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு பாகத்தையும் தனித்தனியாகச் சுற்றி உள்ளே வையுங்கள். 58 அங்குல ஸ்டிக் நடுவில் கழற்றினால் ஒரு பாகம் 29 அங்குலம், சரியாக அடங்கும். மின்சார ரயில் கூட்டத்திலும் ஒன்றும் ஆகாது. ஹாஸ்டலில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நாள்பட சாய்ந்த பக்கமே வளையும். மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் பரண் மேலும் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

பழைய ஸ்டிக்கைப் பார்க்கப் போவதாக இருந்தால் பார்லர் திறந்த உடனே போங்கள். மாலையில் எல்லா மேசையும் ஓடிக்கொண்டிருக்கும், உருட்டிப் பார்க்க இடம் தரமாட்டார்கள்.